காபி கொண்டுவந்தவரையும் கேளுங்கள்



கிராமத்தில் ஒருவர் படுத்த படுக்கையாகிவிட்டால் ஊரே வந்து பார்க்கும். ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு கிலோ சாத்துக்குடி, பிரட் பாக்கெட் சகிதமாக வந்து கட்டிலோரம் உட்கார்ந்து, "இப்ப எப்படிய்யா இருக்கு? கையைக் கொஞ்சம் தூக்க முடியுதா?" என்று விசாரிப்பார்கள். எந்த டாக்டர், என்ன மாத்திரை, இதுவரை எவ்வளவு ஆச்சு என்று எல்லாம் கேட்பார்கள். பக்கத்து ஊரில் இதேபோல விழுந்து, இன்றைக்கு வயலுக்குப் போய்வருகிற ஒருவரின் கதையைச் சொல்லித் தெம்பு கொடுப்பார்கள். இத்தனையும் நடக்கும்போது வீட்டு மருமகள் அடுப்படியில் காபி போட்டுக்கொண்டிருப்பாள். முந்தின ராத்திரி பலமுறை எழுந்து மாமனாரைப் புரட்டிப் படுக்கவைத்து, நனைந்த துணியை மாற்றி, விடிந்ததும் மாட்டைப் பிடித்துக் கட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பியவள். டம்ளரை வாங்கிக்கொள்கிற உறவு அவளிடம் பேசுவது பெரும்பாலும் ஒன்றுதான்: "எனக்குச் சர்க்கரை போடலியே தாயி?"

இந்த மாதப் பக்கம் அவளுக்கானது. மருமகள் என்று சொன்னாலும், அந்த இடத்தில் மனைவி இருக்கலாம், கல்யாணம் தள்ளிப்போன மகள் இருக்கலாம், மனநோய் கண்ட தம்பியை வைத்துக்கொண்டிருக்கிற அக்கா இருக்கலாம். சமையலே தெரியாமல் அறுபது வயதைக் கடந்து, இப்போது மனைவிக்குக் கஞ்சி காய்ச்சி ஊட்டுகிற கணவரும் இருக்கலாம். அவர்களிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான். நோயாளிக்கென்று வருகிற உதவி ஒவ்வொன்றிலும் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதை உங்கள் பெயர் சொல்லியே நீங்கள் கேட்கலாம்.

பார்த்துக்கொள்கிறவர்களை அலுக்கவைப்பது வேலை மட்டும் என்று நினைத்தால் தவறு. நாற்று நட்டுக் களையெடுத்த உடம்புக்கு வேலை புதிதில்லை. தூக்கம் துண்டு துண்டாகிவிடுகிறது. அதுதான் முதல் அடி. பக்கவாதத்தில் அசையாமல் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது புரட்டிப் போட்டால்தான் படுக்கைப் புண் வராது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்புவார்கள். சரியான அறிவுரை. ராத்திரி பத்து மணிக்கும் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நான்குக்கும் அதை யார் செய்வது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அடுத்து கூலி போகிறது. பிறகு நல்லது கெட்டதுக்குப் போகிற வழக்கம் நிற்கிறது. சொந்தத் தங்கை மகளின் சடங்குக்குக்கூட "வீட்டை விட்டு வர முடியல" என்று ஆள் சொல்லி அனுப்பவேண்டியிருக்கிறது. நாலு தடவை அப்படி ஆனால் ஐந்தாவது தடவை அழைப்பே வராது. திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற மைத்துனர் மாதாமாதம் பணம் அனுப்புவார். கூடவே போனில் யோசனையும் அனுப்புவார். பணத்தைக் குறை சொல்ல மாட்டேன். யோசனை கொஞ்சம் குறைந்தால் நல்லது.

இதற்கெல்லாம் கீழே, வெளியில் சொல்ல முடியாத ஒரு நினைப்பும் ஓடிக்கொண்டிருக்கும். 'சீக்கிரம் போய்ச் சேர்ந்துட்டா அவருக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி' என்பது அது. வந்த மறுநிமிடமே 'நானா இப்படி நினைச்சேன்' என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். நீண்ட நாள் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கும் அநேகம் பேருக்கு வருகிற நினைப்புதான். அதனால் நீங்கள் கெட்டவராகிவிடவில்லை. உங்களுக்கு ஓய்வு தேவை என்பதற்கு உடம்பும் மனசும் சேர்ந்து கொடுக்கிற தகவல் அது. அதை நல்ல காதில் போட முடியாமல் போகும் ஊர்களில் என்ன நடக்கிறது என்பதையும் மறைக்கத் தேவையில்லை. விருதுநகர், மதுரை வட்டாரத்தில் தலைக்கூத்தல் என்ற பெயரில் படுத்த முதியவர்களை 'அனுப்பிவைத்த' வழக்கம் செய்திகளில் வந்தது. மதுமிதா இயக்கிய 'கே.டி. (எ) கருப்புதுரை', தேசிய விருது பெற்ற பிரியா கிருஷ்ணசாமியின் 'பாரம்' ஆகிய இரண்டு படங்களும் அதைத் தொட்டவைதான். அது கொலை, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அந்த வீடுகளைத் திட்டித் தீர்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறவர்கள், அங்கே ராத்திரிக் காவலுக்கு ஒரு நாளாவது மாற்றாள் வந்தாரா என்று கேட்டதாகத் தெரியவில்லை.

சரி, உதவி எங்கே இருக்கிறது? முதலில் உங்கள் தெருவிலேயே தேடுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைப் பலரும் 'பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை வீட்டுக்கு வரும்' திட்டமாக மட்டும் அறிந்திருக்கிறார்கள். மாத்திரைப் பையோடு வரும் பெண் பெரும்பாலும் உங்கள் ஊர் மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்தே எடுக்கப்பட்டவர். நேற்றுவரை உங்களோடு சேர்ந்து சீட்டுக் கட்டியவராகவும் இருப்பார். அவர் மூலமாகக் கேட்டால் இன்னும் இரண்டு பேர் வருவார்கள். ஒவ்வொரு ஒன்றியத்திலும் நோய் ஆதரவு சிகிச்சைக்கென்று ஒரு நர்ஸும், பிசியோதெரபி செய்பவர் ஒருவரும் இருக்கிறார்கள். படுக்கையில் இருப்பவரை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு இழுத்துச்செல்ல முடியாத வீடுகளுக்கு அவர்களே வருகிறார்கள்.

அந்த நர்ஸ் வரும் நாளில் ஒரு காரியம் செய்யுங்கள். புண்ணுக்கு மருந்து போட்டு முடித்ததும் "அக்கா, இவரைப் புரட்டும்போது எனக்கு இடுப்பு பிடிச்சுக்குது, எப்படித் தூக்கணும்னு சொல்லிக் கொடுங்க" என்று கேளுங்கள். முதுகை வளைத்து இழுக்காமல், முழங்காலை மடக்கிக் கட்டிலோடு ஒட்டி நின்று, ஆளுக்கு அடியில் விரித்த துணியைப் பிடித்து நகர்த்துகிற முறை இருக்கிறது. பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். கேட்டால் சந்தோஷமாகச் சொல்லிக்கொடுப்பார்கள். கேட்காத வீட்டில் நோயாளியை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்களுக்கும் அன்றைக்கு இன்னும் நாலு ஊர் இருக்கும். உங்கள் பிரஷரையும் அதே கருவியில் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்துக்கொள்கிறவர்கள் தங்கள் மாத்திரையை மறப்பது எல்லா வீட்டிலும் நடக்கிறது.

நர்ஸ் வந்துபோன நாள் தவிர மற்ற நாட்களுக்கு என்ன வழி என்பதில் கேரளத்தாரிடம் நாம் கற்க நிறைய இருக்கிறது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் தொடங்கிய வலி நிவாரணப் பணி, சில ஆண்டுகளில் மலப்புரம் பக்கம் ஊர்க்காரர்களின் கைக்குப் போனது. கடைக்காரர், ஆட்டோ ஓட்டுபவர், ஓய்வுபெற்ற வாத்தியார், காலேஜ் பிள்ளைகள் என்று அக்கம்பக்கத்தவர்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு, வாரத்தில் கொஞ்ச நேரம் ஒதுக்கி, நீண்ட நாள் நோயாளிகளின் வீடுகளுக்குப் போக ஆரம்பித்தார்கள். டாக்டரும் நர்ஸும் தங்கள் வேலையைச் செய்தார்கள். அரிசி இல்லாத வீட்டுக்கு அரிசி, பள்ளிக்கூடம் நின்ற பிள்ளைக்குப் புத்தகம், சும்மா உட்கார்ந்து பேச ஓர் ஆள் என்பதெல்லாம் ஊரின் பொறுப்பானது. 2008இல் கேரள அரசு இதற்கென்றே கொள்கை வகுத்தது. பஞ்சாயத்துகள் வீட்டுப் பராமரிப்புக்குத் தங்கள் நிதியிலிருந்து பணம் ஒதுக்குகின்றன. நம்மிடம் அரசின் கை நீளமானது, வீட்டு வாசல் வரை வருகிறது. அயலாரின் கைதான் இன்னும் கூச்சப்படுகிறது. கூச்சம் மட்டும் காரணமில்லை என்பதும் எனக்குத் தெரியும். எந்தத் தெருக்காரர் எந்தத் தெருவில் நுழைந்து யாருக்குத் தண்ணீர் கொடுப்பது என்ற கணக்கு நம் ஊர்களில் இன்னும் தீரவில்லை. பக்கவாதம் அந்தக் கணக்குப் பார்த்து வருவதில்லை என்பதை ஊர்க் கூட்டத்தில் யாராவது எழுந்து சொல்லத்தான் வேண்டும்.

மனசுக்கான உதவி பற்றிச் சொல்லும்போது சிலர் முகம் சுளிப்பார்கள். "எனக்கென்ன பைத்தியமா?" என்பது தயாராக இருக்கும் பதில். படுத்தால் தூக்கம் வராமல் புரள்வது, காரணமில்லாமல் பிள்ளைகளை அடித்துவிட்டுப் பிறகு உட்கார்ந்து அழுவது, சாப்பாடு இறங்காமல் போவது, 'நானும் போயிட்டா என்ன' என்று தோன்றுவது எல்லாமே மருத்துவர் கவனிக்க வேண்டிய சங்கதிகள். கடைசியாகச் சொன்னது தோன்றினால் நாள் பார்க்கக் கூடாது, அன்றைக்கே பேச வேண்டும். 14416 என்ற எண்ணைச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் அது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசில்லை. 104இலும் பேசலாம். பேசும்போது "எங்க மாமியாருக்கு..." என்று ஆரம்பிக்காமல் "எனக்கு..." என்று ஆரம்பித்துப் பாருங்கள். வீட்டுக்குள் பேசத் தயக்கமாக இருந்தால் ஆட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிப்போகும் நேரத்தில் பேசலாம். போன் அங்கேயும் வேலை செய்யும், டவர் இருந்தால்.

நேரில் பார்க்க வேண்டும் என்றால் மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. மனநல மருத்துவர் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா ஆஸ்பத்திரிகளுக்கு வருகிறார். மருந்து இலவசம். எந்தக் கிழமை என்பது ஊருக்கு ஊர் மாறும். கிராமச் சுகாதார நர்ஸுக்குத் தெரியும். மாத்திரை வாங்கத் தனியார் கிளினிக்கில் கடன்பட்டுக்கொண்டிருக்கும் குடும்பங்களில் பாதிக்கு இந்தக் கிழமை தெரியாது என்பது என் அனுமானம்.

வீட்டில் மனநோய் கண்டவர் இருந்தால் குடும்பத்தின் பாடு வேறு மாதிரி. பக்கவாதக்காரரைப் பார்க்க ஹார்லிக்ஸோடு வருகிற ஊர், இந்த வீட்டுக்கு வராது. தங்கைக்கு வரன் தட்டிப்போகும் என்று குடும்பமே விஷயத்தை அறைக்குள் பூட்டிவைக்கும். பிறகு குணசீலம், சோளிங்கர், புளியம்பட்டி அந்தோணியார் கோயில், ஏர்வாடி தர்கா என்று அலைச்சல். போகிறவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். தமிழ்நாட்டின் கிராமக் கோயில் ஒன்றில் வந்து தங்கியவர்களை நிம்ஹான்ஸ் மனநல நிறுவன மருத்துவர்கள் ஆராய்ந்து 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அடித்தல், கட்டிப்போடுதல் எதுவும் இல்லாத அமைதியான அந்த இடத்தில் சில வாரங்கள் தங்கியவர்களிடம் நோய்க்குறிகள் ஓரளவு தணிந்திருந்தன என்று அதில் இருந்தது. எனக்கு அதில் இன்னொன்று தோன்றுகிறது. நோயாளியோடு துணைக்கு வந்த அம்மாவும் அக்காவும் அந்தக் கோயில் திண்ணையில்தான் தங்களைப்போலவே இன்னொரு அம்மாவை, இன்னொரு அக்காவை முதன்முதலாகப் பார்த்திருப்பார்கள். ஊரில் மூடிவைத்த பேச்சை அங்கே திறந்திருப்பார்கள்.

ஆனால் எல்லா இடமும் அப்படி இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் எரிந்துபோனார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டுவதைத் தடைசெய்கிறது. இன்று ஏர்வாடி தர்கா வட்டாரத்திலேயே பிரார்த்தனைக்கு வருபவர்களுக்கு மனநல மருத்துவமும் கிடைக்கிறது. சாமியையும் கும்பிடுங்கள், மாத்திரையையும் விடாதீர்கள் என்று சொல்கிற ஏற்பாடு. குடும்பத்தாருக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் சங்கடம் இல்லை.

புதுக்கோட்டை மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு பஸ் நினைவிருக்கலாம். டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனம் 2010 வாக்கில் அந்த மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. உள்ளே திரை இருக்கும். சென்னையில் உட்கார்ந்திருக்கும் மனநல மருத்துவர் அதில் வந்து பேசுவார். அவர் எழுதுகிற மருந்து அந்தப் பஸ்ஸிலேயே இலவசமாகக் கிடைக்கும். வீடியோ காலில் டாக்டரைப் பார்ப்பது நகரத்திலேயே புதுமையாக இருந்த காலம் அது. என்னைக் கேட்டால், அதில் திரையைவிடப் பெரிய சங்கதி, வீடு வீடாகப் போய் நோயாளியையும் குடும்பத்தையும் பஸ்ஸுக்கு அழைத்துவந்த உள்ளூர்ப் பணியாளர்கள். டாக்டர் பத்து நிமிடம் பேசுவார். "போன வாரம் வரலையே, என்ன ஆச்சு?" என்று வாசலில் வந்து கேட்பது அவர்கள்.

குறைபாட்டோடு பிறந்த பிள்ளைகளின் அம்மாக்களைப் பற்றிப் பேசும்போது தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியைச் சொல்லாமல் இருக்க முடியாது. பொறியியல் மாணவரான எஸ். ராமகிருஷ்ணன் 1975இல் கடற்படை அதிகாரி தேர்வுக்குப் போன இடத்தில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்து ஊர் திரும்பினார். 1981இல் அதே ஊரில் அமர் சேவா சங்கத்தை ஆரம்பித்தார். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அந்தச் சங்கத்தின் கிராமப் பணியாளர்கள் குழந்தையைத் தேடி வீட்டுக்கே போகிறார்கள். அம்மாவை உட்காரவைத்து, எப்படிப் பிடிப்பது, எப்படி ஊட்டுவது, எந்த விளையாட்டில் எந்தத் தசை வலுக்கும் என்று அவள் கையாலேயே செய்யவைக்கிறார்கள். 'நீ செஞ்ச பாவம்' என்று மாமியார் வீட்டில் கேட்டுக் கேட்டுக் குன்றிப்போனவளுக்கு, பிள்ளை ஒரு நாள் கழுத்தை நிமிர்த்தும்போது 'நான் சொல்லிக்கொடுத்தேன்' என்று நினைக்க முடிகிறது. கவுன்சலிங் என்று பெயர் வைக்காமலே நடக்கிற கவுன்சலிங்.

அந்த அம்மாக்களிடம் பேச்சுக் கொடுத்தால் கடைசியில் வந்து நிற்கிற கேள்வி, "எனக்கப்புறம் இவனை யாரு பாத்துக்குவா?" என்பதுதான். இதற்கு முழுப் பதில் யாரிடமும் இல்லை. பாதிப் பதில் 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உள்ளவர்களுக்கு 18 வயதானதும் சட்டப்பூர்வக் காப்பாளரை நியமிக்க மாவட்டக் குழு ஒன்று உண்டு. கலெக்டர் அதில் இருப்பார். அப்பா அம்மா உயிரோடும் தெம்போடும் இருக்கும்போதே இதைச் செய்துவைப்பது நல்லது. அதே பிரிவினருக்கு நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்குத் தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2000 ரூபாய். விண்ணப்பிக்கிற மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில், பார்த்துக்கொள்கிறவருக்கான தொகை பற்றியும் சேர்த்துக் கேளுங்கள். அதிக உதவி தேவைப்படுவோருக்கு உதவியாளர் படி என்பது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே இருக்கிற விஷயம். வயதானவர்கள் தொடர்பாக எது கேட்கவும் 14567. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக அலைவது பெரும் அவதி என்பதை ஒத்துக்கொள்கிறேன். நூறு நாள் வேலைக் கூலியை விட்டுவிட்டுப் போய், "டாக்டர் இன்னைக்கு லீவு" என்று திரும்புகிறவர்களின் கோபம் நியாயமானது. சான்றிதழ் முகாம் எந்த நாள் என்று முன்கூட்டி விசாரித்துவிட்டுப் போனால் கொஞ்சம் அலைச்சல் மிச்சமாகும்.

இப்போது ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "எது வேணும்னாலும் கூச்சப்படாம சொல்லு" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். களைத்துப்போனவர்களுக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கவே தெம்பு இருக்காது. "செவ்வாக்கிழமை மூணு மணிக்கு நான் வந்து பெரியப்பாகிட்ட உக்காந்துக்கறேன். நீ ரேஷனுக்குப் போயிட்டு, அப்படியே உங்க அம்மா வீட்டையும் எட்டிப் பாத்துட்டு ஆறு மணிக்கு வந்தாப் போதும்" என்று சொல்லுங்கள். கிழமை, மணி, வேலை மூன்றும் அந்தப் பேச்சில் இருக்க வேண்டும். மகளிர் குழுக் கூட்டங்களில் கடன் தவணைப் பேச்சு முடிந்ததும், யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள், இந்த வாரம் யார் முறை என்று ஐந்து நிமிடம் பேசினால் போதும். புதிதாக ஒரு சங்கம் ஆரம்பிக்கத் தேவையில்லை. முறை போட்டுக்கொள்வதும் கணக்கு வைப்பதும் நம் பெண்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

ஆண்களுக்கும் முறை உண்டு. டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்காருகிறவர், அந்த ஒரு மணி நேரத்தைப் படுத்திருக்கும் பழைய சேக்காளியின் கட்டிலோரம் செலவழிக்கலாம். சவரம் செய்துவிடலாம், பேப்பர் படித்துக் காட்டலாம். அந்த நேரத்தில் அந்த வீட்டுப் பெண் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும். தூங்குகிறாளே என்று யாரும் எழுப்பக் கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை.

அடுத்த இதழிலிருந்து இதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். பார்த்துக்கொள்கிறவர்கள் எழுதலாம், பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம். கோபத்தோடு எழுதினாலும் சரி, எழுத்துப் பிழையோடு எழுதினாலும் சரி. எழுத நேரமில்லாதவர்கள் பிள்ளைகளைவிட்டு ஒரு வரி மட்டும் எழுதச் சொல்லுங்கள்: உங்கள் தாலுகா ஆஸ்பத்திரிக்கு மனநல மருத்துவர் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வருகிறார்? வருகிற பதில்களை ஆஸ்பத்திரியில் விசாரித்துச் சரிபார்த்து, மாவட்டவாரியாக அச்சிடுகிறோம். கிழித்துச் சுவரில் ஒட்ட வசதியாகப் பின்பக்கத்தைக் காலியாக விடச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்